நாலு ஆசனத்துக் கணக்கு

2024 நவம்பர் 14ஆம் திகதி பொதுத் தேர்தல். முடிவு வந்த மறுநாள் மாலை திருகோணமலைப் பட்டினத்தில் ஒரு தேநீர்க் கடையில் இரண்டு பெரியவர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். "வீடு ரெண்டாப் பிரிஞ்சு கேட்டிருந்தா நம்மட ஆசனம் போயிருக்கும்" என்றார் ஒருவர். வீடு என்பது தமிழரசுக் கட்சியின் சின்னம். "அதெப்படிப் போகும்? முப்பத்துநாலாயிரம் எடுத்திருக்கே!" என்றார் மற்றவர். பிளேன் டீ ஆறியதுதான் மிச்சம், கணக்கை யாரும் போடவில்லை. நான் வீட்டுக்கு வந்து ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதலாமவர் சொன்னதுதான் சரி. ஆனால் அவர் ஏன் சரி என்று தேடப் போனபோது, தேர்தல் முறை மாற்றம் பற்றி இத்தனை வருடமாக நாம் பேசிவரும் பேச்சில் பாதி எங்கேயோ தடம் மாறிப் போயிருக்கிறது என்று தோன்றியது.

கணக்கைப் பார்ப்போம். திருகோணமலை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் நான்கு ஆசனம். அந்தத் தேர்தலில் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தது ஏறத்தாழ 87 ஆயிரம் வாக்கு, ஐக்கிய மக்கள் சக்திக்கு 53 ஆயிரம், இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 34 ஆயிரம். மற்றவர்கள் எவரும் ஐந்து வீதத்தைத் தாண்டவில்லை. தாண்டாதவர்களின் வாக்கு முதல் வேலையாகக் கழிக்கப்படும். அடுத்தது, மாவட்டத்தில் முதலாவதாக வந்த கட்சிக்கு ஓர் ஆசனம் சும்மா போகும். அதுதான் போனஸ். மிச்சம் மூன்று ஆசனம். கழித்தபின் எஞ்சிய 174 ஆயிரம் வாக்கை மூன்றால் பிரித்தால் 58 ஆயிரம். முழு ஆசனம் ஒன்று எடுக்க அவ்வளவு வேண்டும்.

87இல் 58 ஒருமுறை போகும், மீதி 29. 53இலும் 34இலும் ஒருமுறைகூடப் போகாது, அவர்களின் வாக்கு முழுவதும் மீதியாகவே நிற்கும். இன்னும் பங்கிடாமல் இரண்டு ஆசனம் இருக்கிறது. அவை பெரிய மீதி வைத்திருப்பவர்களுக்கு. 53க்கு ஒன்று, 34க்கு ஒன்று. முடிவு 2, 1, 1.

இப்போது அந்த 34ஐ 18, 16 என்று இரண்டு கட்சிகளாக உடையுங்கள். இரண்டுமே ஐந்து வீதத்துக்கு மேல்தான், ஆகவே யாருடைய வாக்கும் கழிபடாது. ஆனால் மீதிகளின் வரிசை மாறிவிடும். முதலில் 53, அதற்கடுத்து 29. கடைசி ஆசனமும் தேசிய மக்கள் சக்திக்கே போகும். முடிவு 3, 1, 0. நூற்றுக்கு 42 பேரின் வாக்கு வாங்கிய கட்சிக்கு நான்கில் மூன்று. நூற்றுக்குப் பதினேழு பேர் வாக்களித்த தரப்புக்குப் பூச்சியம்.

வேறு மாவட்டங்களில் தனித்தனியே கேட்ட தமிழரசுக் கட்சியும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் திருகோணமலையில் வீட்டுச் சின்னத்தின் கீழ் ஒன்றாக நின்றதற்குக் காரணம் கொள்கையைவிட இந்தக் கணக்குத்தான். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் இந்த மாவட்டத்திலிருந்து தமிழர் ஒருவர்கூடத் தெரிவாகவில்லை. அடுத்த ஆண்டு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானதற்குக் கிழக்கில் கிடைத்த அந்த அடியும் ஒரு காரணம். ஆகவே தேநீர்க் கடைப் பெரியவர் கணிதம் போட்டுப் பேசவில்லை, பழைய காயத்தை நினைத்துப் பேசினார்.

போனஸ் ஆசனத்தைத்தான் முதலில் நான் குற்றவாளியாக நினைத்தேன். கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனம், கம்பஹாவுக்கு 19. அங்கே ஒரு போனஸ் என்பது பாயசத்தில் விழுந்த ஒரு முந்திரிகை. இங்கே நான்கில் ஒன்று, அதாவது மாவட்டத்தின் கால்வாசிப் பிரதிநிதித்துவம் முதலாவதாக வந்ததற்கான பரிசாகப் போய்விடுகிறது. இதை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, போனஸ் இல்லாமல் நான்கு ஆசனத்தையும் பங்கிட்டுப் பார்த்தேன். 174ஐ நான்கால் பிரித்தால் 43 ஆயிரத்து ஐந்நூறு. தேசிய மக்கள் சக்திக்கு ஏறத்தாழச் சரியாக இரண்டு பங்கு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, மீதி ஒன்பதரை ஆயிரம், தமிழரசுக்கு 34 ஆயிரம் மீதி. முடிவு? மறுபடியும் 2, 1, 1.

சரி, ஐரோப்பாவில் பல நாடுகள் வைத்திருக்கும் வேறொரு வழியில் பார்ப்போம் என்று, ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வகுத்துக்கொண்டு போய் மிகப் பெரிய நான்கு எண்களுக்கு ஆசனம் கொடுத்தேன். 87, 53, 43.5, 34. அதுவும் 2, 1, 1. 2020ஐ எடுத்தேன். ஐக்கிய மக்கள் சக்தி 86 ஆயிரம், பொதுஜன பெரமுன 68 ஆயிரம், தமிழரசு 39 ஆயிரம் சொச்சம். மூன்று வழியிலும் 2, 1, 1.

எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. தேர்தல் முறை பற்றிக் கட்டுரை எழுத உட்கார்ந்தவனுக்கு எந்த முறையும் ஒரே விடையைத் தந்தால் எப்படி இருக்கும்! அப்புறம்தான் உடைந்த கணக்கைப் போட்டேன், அதாவது 18, 16. போனஸ் இருந்தால் முடிவு 3, 1, 0 என்று பார்த்தோம். போனஸ் இல்லாவிட்டால் கடைசி ஆசனத்துக்குப் போட்டி ஒன்பதரைக்கும் பதினெட்டுக்கும் இடையில். பதினெட்டு எடுத்த கட்சி உள்ளே வரும். ஒன்று, இரண்டு என்று வகுக்கும் முறையில் மூன்றாவது ஆசனம் 43.5க்கு, நான்காவது 29க்கு. மறுபடி 3, 1, 0. ஆக எல்லாரும் சேர்ந்து நிற்கும்போது முறைகள் எல்லாம் ஒரே முகம் காட்டுகின்றன. பிரிந்து நிற்கும்போதுதான் எந்த முறை யாரைத் தண்டிக்கும் என்பது வெளியே வருகிறது. போனஸ் ஆசனம் சின்னக் கட்சிகளை "சேர்ந்து வாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை" என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. இது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எந்தக் கட்சி என்பதைப் பொறுத்தது. சேர்ந்து நிற்கச் சொல்வது நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். ஆனால் தமிழரசை விரும்பாத ஒரு தமிழ் வாக்காளருக்கு அதற்குப் பிறகு இருக்கும் தெரிவு என்ன?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த நான்கு என்ற எண்தான். 1978 அரசியலமைப்பு முதலில் வைத்த வெட்டுப்புள்ளி பன்னிரண்டரை வீதம். 1988இல் அது ஐந்து வீதமாக இறங்கியது. முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப், ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவுக்கு ஆதரவு கொடுப்பதற்குப் பேரம் பேசி வாங்கிய விஷயம் அது. கிழக்கு அரசியலில் இதைப் பெரிய சாதனையாகச் சொல்வோம். சாதனைதான், ஆனால் கொழும்பில். பதினெட்டு ஆசனம் இருக்கும் இடத்தில் ஆறு வீதம் எடுத்தால் ஓர் ஆசனத்தைத் தொட்டுவிடலாம். நான்கு ஆசனம் உள்ள இடத்தில் சட்டம் ஐந்து வீதம் என்று எழுதி வைத்திருந்தாலும், உள்ளே வரப் பதினான்கு, பதினைந்து வீதமாவது வேண்டும். வாசல் கதவைத் திறந்துவிட்டு உள்கதவைப் பூட்டி வைத்த மாதிரி.

ஆகவே "விகிதாசாரமா, தொகுதியா" என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. ஒரு தேர்தல் வட்டகைக்கு எத்தனை ஆசனம், அதன் எல்லைக்கோடு எங்கே போகிறது என்பவை சேர்ந்தால்தான் அது முழுக் கேள்வியாகும்.

இனி தொகுதி முறை. 1947 முதல் 1977 வரை நாடு வாக்களித்தது பெரும்பாலும் ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில். அதிக வாக்கு எடுத்தவர் வெற்றி, மற்றவர் வாக்கெல்லாம் காற்றில். அதன் குணத்தைக் காட்ட இரண்டு தேர்தல்கள் போதும். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் எடுத்த வாக்கு ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைவிடச் சற்று அதிகம், கிடைத்த ஆசனம் 17. சுதந்திரக் கட்சிக்கு 91. (சுதந்திரக் கட்சி கூட்டணியில் இருந்ததால் குறைந்த தொகுதிகளில்தான் போட்டியிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) 1977இல் சக்கரம் திரும்பியது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்கில் பாதிக்குச் சற்று மேல், ஆசனத்தில் 168இல் 140. நூற்றுக்கு முப்பது எடுத்த சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. நூற்றுக்கு ஆறு சொச்சம் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வடக்குக் கிழக்கில் வாக்குகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததால் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். ஆறில் ஐந்து பங்கு பெரும்பான்மையோடு வந்த அரசாங்கம் அடுத்த ஆண்டே அரசியலமைப்பை மாற்றியது. பிறகு 1982இல் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து அதே பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டது. விகிதாசாரப் பொதுத் தேர்தலை நாம் முதன்முதல் கண்டது 1989இல்தான்.

கடல் தாண்டிப் பார்த்தால் தமிழ்நாட்டில் இன்றும் தொகுதி முறைதான். 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி வாக்கில் பாதிக்கும் குறைவாக எடுத்து 39க்கு 39 தொகுதியையும் அள்ளியது. அங்கே அதைப் பெரிய அநியாயமாக யாரும் பேசுவதில்லை, அடுத்த முறை மற்றவன் அள்ளுவான் என்ற நம்பிக்கை இருக்கிறது. இலங்கையில் இன அடிப்படையில் வாக்குப் பிரியும் ஊர்களில் அந்த "அடுத்த முறை" வருவதில்லை.

இங்கேதான் திருகோணமலை ஒரு வேடிக்கையான சாட்சி சொல்கிறது. 1977இல் மாவட்டத்தில் மூன்று தொகுதிகள்: திருகோணமலை, மூதூர், சேருவில. திருகோணமலையில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் இரா. சம்பந்தன், மூதூரில் ஐக்கிய தேசியக் கட்சியின் எம்.ஈ.எச். மஹ்ரூப், சேருவிலவில் அதே கட்சியின் சிங்கள வேட்பாளர். மூன்று சமூகம், மூன்று உறுப்பினர். எந்த விகிதாசாரமும் இதைவிட அழகாகப் பங்கிட்டிருக்காது. "பார்த்தாயா, தொகுதி முறையில் என்ன குறை?" என்று கிண்ணியாவிலுள்ள என் நண்பர் ஒருவர் இதைக் காட்டித்தான் என்னோடு வாதாடுவார்.

குறை எண்ணிக்கையில் இல்லை மச்சான், கோட்டில் இருக்கிறது என்று நான் சொல்வேன். மூதூர்த் தொகுதிக்குள் வாழும் தமிழர், திருகோணமலைத் தொகுதிக்குள் வாழும் முஸ்லிம்கள், இவர்களெல்லாம் வாழ்நாள் முழுக்க வாக்களித்தாலும் தோற்கும் பக்கத்திலேயே நிற்பார்கள். இந்த மாவட்டத்தின் படத்தைப் பாருங்கள். வடக்கே புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி, உப்புவெளி என்று கரையோரமாக இறங்கி, பட்டினம், பிறகு கிண்ணியா, கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூர், சம்பூர், தெற்கே வெருகல். உள்நாட்டில் கந்தளாய், மொறவெவ, கோமரங்கடவல. நடுவில் தம்பலகாமம். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் சிங்கள ஊரும் மாலையில் கோத்த மாதிரி ஒன்றுவிட்டு ஒன்று கிடக்கின்றன. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கு, தமிழர் மூன்றிலொன்றுக்குச் சற்றுக் குறைவு, சிங்களவர் நான்கிலொன்றுக்குச் சற்று மேல். இந்த நிலத்தில் பேனாவால் எந்தக் கோடு கீறினாலும் யாராவது ஒருவர் தவறான பக்கத்தில் விழுவார். கோடு கீறுபவர் வேண்டுமென்றே கீறினால் சொல்லத் தேவையில்லை.

பழைய முறையில் இதற்கு ஒரு மருந்து இருந்தது, இன்று பலர் அதை மறந்துவிட்டார்கள். 1960 முதல் 1977 வரை மூதூர் இரட்டை உறுப்பினர் தொகுதி. மட்டக்களப்பும் அப்படியே. கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதி. மூதூர் வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் இருவருக்குப் பிரித்துக் கொடுக்கலாம், வேண்டுமானால் இரண்டையும் ஒருவருக்கே குத்தலாம். இந்தக் கடைசி வசதியில்தான் சூட்சுமம் இருக்கிறது. இரண்டு வாக்கையும் கட்டாயம் இருவருக்குப் பிரிக்க வேண்டும் என்றிருந்தால், பெரும்பான்மையினர் இரண்டு ஆசனத்தையும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒருவருக்கே குத்தலாம் என்றதும் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருக்கும் சமூகம் தன் ஆளைக் கட்டாயம் உள்ளே அனுப்ப முடிந்தது. 1970இல் மூதூரிலிருந்து ஏ.எல். அப்துல் மஜீதும் அ. தங்கத்துரையும் சேர்ந்து போனார்கள். ஒரு முஸ்லிம், ஒரு தமிழர், ஒரே தொகுதி. 1977இல் மூதூர் ஒற்றை உறுப்பினர் தொகுதியானது. தங்கத்துரை மறுபடி பாராளுமன்றம் போனது 1994இல், விகிதாசாரம் வந்த பிறகு.

சமன்பாடு தெரியாத காலத்தில் செய்த ஒட்டுவேலை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. விகிதாசாரத்தின் நியாயமும் தொகுதியின் நெருக்கமும் ஒன்றாகக் கிடைத்தது அங்கேதான். மூதூர்க்காரருக்குத் தன் உறுப்பினர் யார் என்று தெரிந்திருந்தது. இன்று நாலு பேரில் என் உறுப்பினர் யார் என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள்.

விகிதாசாரத்தின் மீது மக்களுக்கிருக்கும் கோபமும் அதுதான். இன்னொரு கோபம் விருப்பு வாக்கு, நம் ஊர்ப் பேச்சில் மனாப்பே. கட்சிக்குப் புள்ளடி போட்டபின் அந்தக் கட்சியின் பட்டியலில் மூன்று பேர்வரை இலக்கத்துக்குப் புள்ளடி போடலாம். மக்கள் ஆளைத் தெரியட்டும் என்று கொண்டுவந்த ஏற்பாடு, ஒரே கட்சிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே சுவரொட்டி கிழித்துச் சண்டை போடும் ஏற்பாடாக மாறியது. எதிர்க்கட்சிக்காரனைவிடத் தன் பட்டியலில் இருப்பவன்தான் ஆபத்தானவன். ஒரு தொகுதியை மட்டுமல்ல, மாவட்டம் முழுவதையும் சுற்றிச் செலவழிக்க வேண்டும் என்பதால் காசுள்ளவன் கை ஓங்கியது. தேர்தல் செலவைக் கட்டுப்படுத்த 2023இல்தான் ஒரு சட்டம் வந்தது. ஆனால் மனாப்பேயை ஒழித்துவிட்டுக் கட்சியே வரிசை போடட்டும் என்றால், பட்டியலின் தலைமாட்டில் யார் இருப்பார் என்று நமக்குத் தெரியாதா? கட்சியே ஆளை நியமிக்கும் தேசியப் பட்டியலில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

இரண்டையும் கலந்தால் என்ன என்று கேட்டுத்தான் கலப்பு முறை வந்தது. உள்ளூராட்சி சபைகளுக்கு அறுபது வீதம் வட்டாரம், நாற்பது வீதம் பட்டியல். 2018 பெப்ரவரி 10இல் முதல் தேர்தல். வட்டாரத்தில் விழும் வாக்கையே சபை முழுவதற்கும் கூட்டி, கட்சிக்கு மொத்தம் எத்தனை ஆசனம் உரித்து என்று பார்த்து, அதிலிருந்து வென்ற வட்டாரங்களைக் கழித்து மிச்சத்தைப் பட்டியலிலிருந்து கொடுப்பார்கள். நியூஸிலாந்து 1996இலிருந்து பாராளுமன்றத்துக்கு நடத்தும் முறைக்கு இது தூரத்து உறவு. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், பத்துப் பேர் சபையில் ஒரு கட்சி மூன்று பேருக்கு உரித்தான வாக்கு எடுத்து ஐந்து வட்டாரத்தை வென்றுவிடும். வென்றதைப் பறிக்க முடியாது. மற்றவர்களின் உரித்தையும் குறைக்க முடியாது. ஆகவே சபை வீங்கும். நாடு முழுவதும் நாலாயிரத்துச் சொச்சமாக இருந்த உறுப்பினர் தொகை, சட்டமே கூட்டியதும் இந்த வீக்கமும் சேர்ந்து, எட்டாயிரத்தைத் தாண்டியது. உட்காரக் கதிரை இல்லாமல் சபைகள் மண்டபத்தை விஸ்தரித்தன. இதே வீக்கம் ஜெர்மனிக்கும் வந்தது. 2021இல் 736 உறுப்பினர்வரை போன பின், 2023இல் சட்டம் போட்டு 630உடன் நிறுத்தினார்கள், அதற்கு விலையாகச் சில தொகுதிகளில் முதலாவதாக வந்தவருக்கும் ஆசனம் கிடைக்காமல் போகலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

கலப்பு முறையின் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டத்தில் எழுதியதும் அப்போதுதான். அதற்குமுன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. இன்னொன்று, அந்தச் சட்டத்தில் பல உறுப்பினர் வட்டாரத்துக்கும் இடம் இருக்கிறது. மூதூரின் பேரப்பிள்ளை!

இதே கலப்பைத்தான் மாகாண சபைக்கும் கொண்டுபோனார்கள், அங்கே வண்டி குடைசாய்ந்தது. கிழக்கு மாகாண சபை இருக்கும் இடம் திருகோணமலை என்பதால், குடைசாய்ந்த வண்டி எங்கள் முற்றத்திலேயே கிடக்கிறது. கடைசியாக அந்தச் சபைக்கு வாக்களித்தது 2012 செப்டெம்பர் 8. 37 பேர் தெரிவாகி, 2017 செப்டெம்பர் கடைசியில் காலம் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், அலுவலகங்கள் காலையில் திறந்து மாலையில் மூடுகின்றன. உறுப்பினர்கள்தான் இல்லை.

நடந்தது இதுதான். 2017 செப்டெம்பரில், பெண் வேட்பாளர்களின் விகிதத்தைப் பற்றிய ஒரு சிறு திருத்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. குழுநிலையில் அதற்குள்ளே பாதிக்குப் பாதி கலப்பு முறை முழுவதையும் செருகி, மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேற்றினார்கள். தமிழ், முஸ்லிம் கட்சிகளும் கையுயர்த்தின. புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு நாடு முழுவதற்கும் 222 தொகுதி கீறி அறிக்கை கொடுத்தது. 2018 ஓகஸ்டில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139, ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். சட்டப்படி அது பிரதமர் தலைமையிலான மீளாய்வுக் குழுவுக்குப் போனது, அங்கிருந்து திரும்பவில்லை. பழைய விகிதாசார முறையில் நடத்தலாமா என்று 2019இல் உயர் நீதிமன்றத்திடம் அபிப்பிராயம் கேட்டபோது, முடியாது என்று வந்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை. புதிய முறைக்கு எல்லை இல்லை. ஆகவே தேர்தலே இல்லை.

சிலர் இதை வெறும் அரசியல் இழுத்தடிப்பு என்பார்கள். அதுவும் உண்டு. ஆனால் அந்த எல்லை அறிக்கையை முஸ்லிம் கட்சிகள் எதிர்த்ததற்குத் திருகோணமலையை வைத்தே காரணம் சொல்லலாம். மாகாண சபையில் இந்த மாவட்டத்துக்குப் பத்து உறுப்பினர். பாதிக்குப் பாதி என்றால் ஐந்து தொகுதி. புல்மோட்டையிலிருந்து வெருகல்வரை நான் மேலே சொன்ன ஊர்வரிசையில் ஐந்து துண்டு வெட்டுங்கள் பார்க்கலாம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு சமூகம் வெல்லும், ஒன்றிரண்டு சமூகம் தோற்கும். தோற்றவர்களுக்குப் பட்டியலில் ஈடுசெய்வோம் என்கிறது சட்டம். உள்ளூராட்சியில் பட்டியல் எப்படி வீங்கியது, யார் போனார்கள் என்று பார்த்தவர்கள் அதை நம்பத் தயாராக இல்லை. கோட்டைக் கீறும் பென்சிலை யார் பிடிப்பார் என்ற பயத்துக்கு எந்தச் சூத்திரமும் மருந்தாகாது.

என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்துக்குப் பொருந்துவது அயர்லாந்துக்காரர் நூறு வருடமாக வைத்திருக்கும் முறை. அங்கே ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர். எங்கள் நான்கு அதற்குள் அப்படியே பொருந்தும், புதிதாக ஒரு கோடும் கீற வேண்டாம். வாக்காளர் கட்சிக்குள் அடைபடாமல் வேட்பாளர்களை 1, 2, 3 என்று தன் விருப்பப்படி வரிசைப்படுத்துவார், கட்சி தாண்டியும் போகலாம். நான்கு ஆசனம் என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு ஒரு வாக்கு மேலே எடுத்தவர் தெரிவு. தேவைக்கு மேல் விழுந்த வாக்கும், கடைசியில் நின்று நீக்கப்பட்டவரின் வாக்கும் வீணாகாமல் அடுத்த விருப்பத்துக்கு மாறும். 2024 வாக்கில் ஒரு தெரிவுக்கு ஏறத்தாழ 41 ஆயிரம். தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு முழுப் பங்கும் கொஞ்சமும், ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்றும் பன்னிரண்டாயிரமும், கடைசி ஆசனத்துக்குத் தமிழரசின் 34 ஆயிரம் முன்னால் நிற்கும். மறுபடி அதே 2, 1, 1தான். ஆனால் அந்த 34ஐ 18, 16 என்று உடைத்தாலும் முடிவு மாறாது, பதினாறு நீக்கப்படும்போது அந்த வாக்காளர்கள் பதினெட்டை அடுத்த விருப்பமாகப் போட்டிருந்தால். மேசையில் உட்கார்ந்து பேரம் பேசி ஒரே சின்னத்தில் வர வேண்டிய கட்டாயம் கட்சிகளுக்கு இல்லை. இணைப்பதா இல்லையா என்பதை வாக்காளர் பென்சிலால் முடிவு செய்வார். மூதூர்த் தமிழர் ஒருவர் மூன்றாவது விருப்பத்தை நல்ல முஸ்லிம் வேட்பாளர் ஒருவருக்குப் போடலாம். அதைக் கேட்டு வாங்க அந்த வேட்பாளரும் சம்பூருக்கு வர வேண்டியிருக்கும்.

இதற்கு எதிரான வாதத்தையும் எனக்குத் தெரியும். எண்ணி முடிக்க அயர்லாந்தில் நாட்கள் எடுக்கும். அதைவிடப் பெரியது, நம் மக்கள் 1, 2, 3 போடுவார்களா? சோதனை ஏற்கனவே நடந்துவிட்டது. ஜனாதிபதித் தேர்தலில் 1982இலிருந்தே மூன்று விருப்பம் போட இடம் இருக்கிறது. 2024 செப்டெம்பர் 21 தேர்தலில்தான் முதன்முறையாக யாருக்கும் ஐம்பது வீதம் கிடைக்காமல் இரண்டாம் எண்ணல் வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76. இவர்கள் இருவரையும் தவிர்ந்த மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்த வாக்கு 33 இலட்சத்துக்கு மேல். அதில் அடுத்த விருப்பமாக இவர்களில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டும். நூறு பேரில் எட்டுப் பேர். மிச்சப் பேர் ஒரே ஒரு அடையாளத்தோடு மடித்துப் போட்டுவிட்டார்கள்.

இதைச் சொல்லித்தான் கிண்ணியா நண்பர் என் வாயை அடைப்பார். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. நாற்பது வருடமாக இரண்டாவது விருப்பம் எதற்கும் பயன்படாமல் கிடந்தது, கட்சிகளும் தங்கள் சின்னத்துக்கு மட்டும் போடுங்கள் என்றே சொல்லிக் கொடுத்தன. இரண்டு வாக்கையும் ஒருவருக்கே குத்தலாம் என்ற கணக்கை 1960இல் மூதூர் வாக்காளருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். மனாப்பேயில் மூன்று இலக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு வாக்குச் சாவடிக்குப் போகும் பெத்தம்மாக்கள் இன்றும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள்.

அந்தத் தேநீர்க் கடைப் பெரியவரை அதன்பிறகு ஒருநாள் கண்டேன். கொப்பியைக் காட்டினேன். 3, 1, 0 என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் சொன்னேன்தானே தம்பி" என்றார். பிறகு கேட்டார், "மாகாண சபைக்கு எப்ப வைப்பாங்களாம்?"